நஸீறாவின் வக்கடை

நாவலடி வட்டை என்கிற வயல்வெளியின் கோடைச் சிறுபோக ஆரம்பக் கூட்டம் அந்த வருசம் மதரசாவின் பின்பக்கத் தகரக் கொட்டிலில் நடந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, பங்குனி மாதம். தகரம் காய்ந்து தலைக்கு மேலே வெடித்துக்கொண்டிருந்தது. விதைப்பு எப்போது, குளத்துத் தண்ணீர் எப்போது, மாடுகள் எப்போது வயல்வெளியை விட்டு வெளியேற வேண்டும் என்பதெல்லாம் பேசி முடிந்து பிளேன்ரீ வந்தது. எல்லாரும் எழும்பப் பார்த்த நேரத்தில் நற்பிட்டிமுனை அழகரெத்தினம் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி விதானையார். அந்தச் சாயச் சேத்துக்கு என்ன முடிவு?"

வட்டவிதானை கச்சிமுகம்மது கோப்பையைக் கீழே வைத்தார். தண்ணீர் முறை பார்ப்பதும், வரம்புச் சண்டை தீர்ப்பதும், கூட்டத்தில் வைத்த கட்டுப்பாட்டைக் காப்பதும் அவர் வேலை. இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வராமல் போனால் நல்லம் என்றும் நினைத்திருந்தார்.

கடற்கரையோரம் ஒரு சாயக் கொம்பனி வந்திருந்தது. நெசவுக்காரருக்கு நூலில் சாயம் காய்ச்சிக் கொடுக்கிற இடம். காய்ச்சிய தண்ணீர் தொட்டிகளில் இறங்கி, அடியில் ஊதாக் கறுப்பாகச் சேறு படியும். அதை முதலில் கடலில் கொட்டினார்கள். கரைவலைக்காரர் அடிக்க வந்தார்கள். பிறகு ரோட்டோரத்தில் கொட்டினார்கள். ஊர் அடிக்க வந்தது. அதற்குப் பிறகுதான் அது பசளையானது.

கொம்பனியின் ஆள் அஸீம் சட்டைப் பையில் பேனை குத்திக்கொண்டு வீடு வீடாக வந்தான். வெளிநாடுகளில் ஆலைச் சேற்றைத்தான் வயலுக்குப் போடுகிறார்கள் என்றான். காசு வேண்டாம், வரம்படிக்கே ட்ரக்டரில் கொண்டுவந்து கொட்டித் தருவோம் என்றான். யூரியா வாங்குவதென்றால் ஆமி முகாமுக்குப் போய் அனுமதித் துண்டு எடுக்க வேண்டிய காலம் அது. யூரியாவில் வெடி செய்யலாம் என்று ஆமிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. அதில் நெல்லும் செய்யலாம் என்பதை ஒவ்வொரு போகமும் அவனுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வட்டையில் போன மாரிப் போகம் இரண்டு மூன்று பேர் சேற்றைப் போட்டார்கள். பெய்த மழையில் பயிர் கருகருவென்று பச்சை பிடித்து நின்றது. அதைப் பார்த்து வந்தவர்களுக்கு நித்திரை வரவில்லை.

கமநல நிலையத்து உத்தியோகத்தர் கனகசபாபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்கெண்டு சட்டம் ஒண்டும் இன்னும் வரல்ல. போடு எண்டும் இல்ல, போடாத எண்டும் இல்ல. சேத்தில ஒரு போத்தலும் மண்ணில ஒரு பையும் கொழும்புக்கு அனுப்பியிருக்கன். மறுமொழி வருமட்டும் போடாம இருக்கிறது நல்லம்."

"மறுமொழி எப்ப ஐயா வரும்?"

"வரக்குள்ள வரும்."

கொட்டில் சிரித்தது. பின்வரிசையிலிருந்து அப்துல் ஸமட் கத்தினான். அவனுக்குக் கூட்டமென்றால் பகிடி விட ஒரு இடம். "நெல்லு கலர் கலரா விளைஞ்சா நல்லம்தானே! பெருநாளைக்குப் புரியாணிக்குக் கலர் போடத் தேவல்ல."

"உன்ட பொண்டாட்டிக்குச் சாறி வாங்கவும் தேவல்ல. வைக்கல உடுக்கச் சொல்லு" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"அவ உடுப்பா. உன்ட ஆளு அதையும் விலை கேப்பா."

அழகரெத்தினம் சிரிக்கவில்லை. "நீங்க சிரிங்க. என்ட வயல் பள்ளத்தில கிடக்கு. மேல என்னத்தப் போட்டாலும் கடைசியா எனக்குத்தான் இறங்கும்."

அவருடைய வயலுக்கு மேலே கிடந்தது நஸீறாவின் வயல். நஸீறா கச்சிமுகம்மதுவின் தங்கச்சி. அவள் கொட்டிலுக்கு வெளியே கிணற்றடியில், முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பதை அவர் கண்டார். அஸீம் அவள் வீட்டுக்கும் போயிருந்தான். கச்சிமுகம்மது எழும்பினார்.

"போடுறவன் போடட்டும். போடாதவன் விடட்டும். ஆனா போடுறவன் வக்கடையக் கட்டிப்போட்டுத்தான் போடணும். சேத்துத் தண்ணி ஒரு சொட்டு கீழ் வயலுக்குப் போகப்படாது. போனா நான் வந்து கட்டுவன். மறுகா அந்த வயலுக்கு அந்தப் போகம் வாய்க்கால் தண்ணியும் இல்ல. சம்மதமா?"

மேல் வயலின் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்குவதற்கு வரம்பில் வெட்டிவிடும் வாய்தான் வக்கடை. பசளை போட்டால் வக்கடையைக் கட்ட வேண்டும் என்று அந்த வட்டையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். கட்டாவிட்டால் நாம் போட்ட பசளை அடுத்தவனுக்கு விளையும். கச்சிமுகம்மது அப்படித்தான் யோசித்தார். நல்லதென்றால் போட்டவனுக்கே இருக்கட்டும், கெட்டதென்றாலும் போட்டவனோடு நிற்கட்டும். ஒரே கட்டுப்பாட்டில் தங்கச்சிக்கும் வழி விட்டாயிற்று, அழகரெத்தினத்துக்கும் காவல் வைத்தாயிற்று. கைகள் உயர்ந்தன. அழகரெத்தினத்தின் கையும் உயர்ந்தது. கனகசபாபதி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தேநீரைக் குடித்தார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது கச்சிமுகம்மதுவுக்குத் தன் புத்தியை நினைத்துச் சந்தோசமாக இருந்தது.

அந்த ஊர்ப் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். வாப்பாவின் இரண்டு ஏக்கர் நஸீறாவுக்கு வந்தது அப்படித்தான். அது அவளிடமிருந்து மகள் பஸ்னாவுக்குப் போக வேண்டும். அது இல்லையென்றால் பஸ்னாவைக் கேட்டு வருகிற மாப்பிள்ளை வீட்டார் படலையடியிலேயே செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போவார்கள். நஸீறாவின் புருசன் மஜீட் தொண்ணூறாம் ஆண்டு துணி மூட்டைகளோடு லொறியில் மட்டக்களப்புக்குப் போனான். லொறியும் வரவில்லை. மவுத்து என்று வந்து சொல்லவும் ஆளில்லை, ஹயாத்தோடு இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. அன்றிலிருந்து கச்சிமுகம்மதுதான் அந்த வயலை உழுதார், விதைத்தார், வெட்டினார். விதானைக்கு ஒவ்வொரு வயற்காரனும் போக முடிவில் கொடுக்கிற விதானை நெல்லை அவளிடம் அவர் ஒரு தடவையும் வாங்கியதில்லை. புது நெல் குற்றியதும் முதல் சோறு அவருக்குத்தான் என்பது மட்டும் அவர்களுக்குள் ஒரு கணக்கு.

நஸீறா சேற்றுக்குப் போனதற்குக் காரணம் யூரியாத் துண்டு. வயல் அவளுடையது என்றாலும் செய்கைப் பதிவு மஜீட்டின் பேரில் இருந்தது. முகாமில் இருந்தவன், "மஜீட்டை வரச் சொல்லு, கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும்" என்றான். பகிடிக்குச் சொல்லவில்லை. அவனுக்கு அதுதான் விதி.

"நானும் ஆறு வருசமா அதைத்தான் சொல்றன், வரச் சொல்லி" என்று சொல்லிவிட்டு நஸீறா திரும்பி வந்தாள்.

ட்ரக்டர் வந்து கொட்டிப் போன சேறு வரம்படியில் யானை படுத்த மாதிரிக் கிடந்தது. கச்சிமுகம்மது ஒரு பிடி எடுத்து மணந்தார்.

"என்ன மணக்குது காக்கா?" என்றாள் நஸீறா. அந்த ஊரில் மூத்த சகோதரன் காக்கா.

"உம்மா சோடா போட்டு உடுப்பு அவிப்பாவே, அந்த மணம்."

"அப்ப போடவா, விடவா?"

அவர் வரம்பில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்தார். போடாதே என்று சொன்னால் பசளைக்கு வழி காட்ட வேண்டும். அவரிடம் வழி இல்லை. தன் பங்கு யூரியாவில் அரை மூடையைப் போன போகம் அவளுக்குக் கொடுத்ததற்கு றம்லா மூன்று மாதம் முகம் தரவில்லை. றம்லா அவர் பெண்சாதி.

"போடு புள்ள. பக்கத்து வட்டைல நல்லாத்தானே வந்த. வக்கடையக் கட்டிப்போட்டுப் போடு."

அவரே மண்வெட்டியை எடுத்தார். வைக்கோலைத் திரித்து வக்கடையில் திணித்து, களிமண்ணை வெட்டிப் போட்டு, குதிக்காலால் மிதித்து இறுக்கினார். அவர் கட்டினால் எறும்பு நனைகிற ஈரம் கூடக் கசியாது என்று வட்டையில் சொல்வார்கள். நஸீறாவும் பஸ்னாவும் கடகத்தில் அள்ளிச் சேற்றை வீசினார்கள். பொழுது சாயும்போது இரண்டு பேருடைய நகக்கண்ணும் ஊதா.

"மாமா, உம்மா மருதோண்டி போட்டிருக்கா. புதுப் பொண்ணு" என்றாள் பஸ்னா.

"வாயப் பொத்துகா" என்று நஸீறா சேற்றுக் கையால் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று பின்னேரம் சுங்கான் கருவாட்டுப் பொரியலும் புளியாணமும். கச்சிமுகம்மது சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

பயிர் வந்தது. முதலில் வந்த பச்சையைப் பார்த்து அப்துல் ஸமட்டே வரம்பில் நின்று, "எனக்கும் ஒரு லோட் சொல்லியிருக்கலாம்" என்றான். அந்த வட்டையில் வேறு யாரும் போடவில்லை. எல்லாரும் யாராவது ஒருவர் போட்டுப் பார்க்கட்டும் என்று இருந்திருக்கிறார்கள். நஸீறா இரவில் பாயில் கிடந்து, விளைகிற நெல்லில் பஸ்னாவுக்கு ஒரு அறை கட்டலாமா, கூரை மாற்றலாமா என்று மகளுடனேயே வாதாடினாள்.

வைகாசி முடிய கச்சான் காற்று எடுத்தது. மேற்கிலிருந்து அடுப்பு வாயைத் திறந்து விட்ட மாதிரி அடிக்கிற காற்று. உடுத்த சாறன் உடம்பிலேயே காயும். குளத்துத் தண்ணீர் முறைக்கு வரும், வயலில் நிற்கும், காற்றுக் குடித்துவிட்டுப் போகும். மற்ற வயல்களில் நின்ற தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி வடிந்தது. நஸீறாவின் வயலில் தண்ணீர் மட்டும்தான் போனது. மற்றது எல்லாம் நின்றது.

முதலில் இலை நுனி வெளுத்தது. பிறகு மஞ்சள். பிறகு நெருப்புக் குச்சி பிடித்த கடதாசி மாதிரி ஓரத்திலிருந்து சுருண்டது. வயல் மூலையில் பனையான் மீன் குஞ்சுகள் வயிறு மேலாகக் கிடந்தன. கொக்கு வந்து இறங்கி, ஒரு காலை எடுத்து வைத்து, பறந்து போனது. வரம்போரம் தண்ணீர் வற்றிய இடத்தில் ஊதா விளிம்போடு வெள்ளையாக ஒரு பொருக்கு. கச்சிமுகம்மது அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார்.

உப்பு.

கனகசபாபதியை இழுத்து வந்து காட்டினார். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்தார்.

"நூல்ல சாயம் பிடிக்க உப்பும் சோடாவும் மூடை மூடையாப் போடுவாங்க. அதெல்லாம் சேத்திலதான் நிக்கும். மாரியில போட்டவனுக்கு மழை கழுவிக் குடுத்திட்டு. உங்களுக்கு மழை இல்ல."

"இப்ப என்ன செய்யிற ஐயா?"

"நல்ல தண்ணியக் கட்டி, வக்கடையத் திறந்து, ரெண்டு மூண்டு தரம் கழுவி வடிய விட்டாப் பயிர் தப்பும். இண்டைக்கு நாளைக்கே செய்யணும்."

"வடிய விட்டா எங்க போகும்?"

கனகசபாபதி கீழே பார்த்தார். அழகரெத்தினத்தின் வயல் தன் வாய்க்கால் தண்ணீரில் இடுப்பளவு பச்சையில் நின்றது. வடிச்சல் வாய்க்கால் அதற்கும் கீழேதான் தொடங்குகிறது.

"அண்டைக்கு நீங்க கட்டுப்பாடு சொல்லக்குள்ளே எனக்கு மனசு ஒரு மாதிரித்தான் இருந்த, விதானையார்" என்றார் அவர். "ஆனா எல்லாரும் கை தூக்கிட்டீங்க."

கச்சிமுகம்மது கொம்பனிக்கும் போனார். அஸீம் கதிரை போட்டுக் கொடுத்தான். சோடா வாங்கித் தந்தான். "சும்மா தந்த சாமான்தானே காக்கா" என்றான். "நாங்க போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தலியே. எத்தின கடகம் போடணும் எண்டு ஒரு அளவும் இரிக்கி. அவ கூடப் போட்டிருப்பா." அளவை யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றான். சோடாவை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

நஸீறாவும் பஸ்னாவும் வாளியால் இறைக்கத் தொடங்கியிருந்தார்கள். வயலில் அள்ளி, வரம்பால் நடந்து, வண்டிப் பாதையில் கொட்டினார்கள். பாதை சரிவு. கொட்டிய தண்ணீர் திரும்ப ஊர்ந்து வயலுக்கே வந்தது. அதைக் கண்ட பிறகும் நஸீறா இறைத்தாள்.

"காக்கா, ஒருக்காத் திறந்து விடுங்க. ஒரு முறைத் தண்ணி. கண்ண மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, நான் வெட்டிட்டுக் கட்டுறன்."

"கீழ உள்ளவன் என்ன செய்வான்?"

"அவர்ட்டக் கேளுங்க. அழகரெத்தினம் அண்ணன் இரக்கமான மனிசன்."

கேட்கப் போனார்கள். அழகரெத்தினம் தன் காவல் வாடியில் குந்தியிருந்து தவிட்டைப் புடைத்துக்கொண்டிருந்தார். இருவரையும் கண்டதும் சுளகை வைத்துவிட்டு, நஸீறாவுக்குப் பலகையைத் தள்ளினார். அவள் உட்காரவில்லை. வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார்.

"விதானையார், அந்தத் தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நான் ரெண்டு வருசம் இந்தக் காணிக்குள்ள கால் வைக்கல்ல. பயம். உங்கட ஆக்கள் வெட்டுவாங்க எண்டு எங்கட ஆக்கள் சொன்னாங்க, எங்கட ஆக்கள் வெட்டுவாங்க எண்டு உங்கட ஆக்கள். நீங்கதான் வீட்ட வந்து, வா அழகரெத்தினம், தண்ணிக்கு நான் பொறுப்பு எண்டு சொன்ன. அந்த வார்த்தைக்குத்தான் வந்த நான்."

அழகரெத்தினம் வெற்றிலையை மடித்துக் கச்சிமுகம்மதுவிடம் நீட்டினார்.

"இப்ப நீங்க திறக்கிறன் எண்டா நான் மறிக்க மாட்டன். மறிக்க எனக்கு வாயில்ல. உங்கட கையில இருக்கு."

"அண்ணன், உங்களுக்குக் கொஞ்சம்தான் வரும். பரந்து போயிரும்" என்றாள் நஸீறா.

"என்ட மூத்தவள் வயித்தில புள்ளையோட வந்து வீட்டில இருக்காள் தங்கச்சி. இந்த நெல்லு வேணும்." அவர் அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது நஸீறா முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்று கேட்டாள்: "அவருக்கு வார்த்தை குடுத்தீங்க. எனக்கு ஒண்டும் குடுக்கல்லியா காக்கா?"

வீட்டில் றம்லா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "திறந்து குடுக்கப் போறீங்க, தெரியும். ஊருக்கெல்லாம் விதானை, தங்கச்சிக்கெண்டா வேலைகாரன்." அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரத்தில் வட்டையில் முஸ்லிம் ஆண்பிள்ளை ஒருவனும் இருக்க மாட்டான். அது நஸீறாவுக்குத் தெரியும். தண்ணீர் முறையும் அன்று அவளுக்கு. வாய்க்காலைத் திறந்து வயலை நிரப்பினாள். பாங்கு கேட்டதும் மண்வெட்டியை எடுத்து, காக்கா மிதித்து இறுக்கிய கட்டை வெட்டினாள். காய்ந்து கல்லாகியிருந்தது. வெட்டி முடிக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு தண்ணீர் ஊதாவாக, நுரை கட்டிக்கொண்டு, சத்தத்தோடு இறங்கியது.

குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது பஸ்னா பள்ளிவாசல் படலையடிக்கு ஓடி வந்தாள். தொழுகை முடிந்து கச்சிமுகம்மது வெளியே வரும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"மாமா, உம்மா வக்கடைய வெட்டிட்டா. அழகரெத்தினம் மாமா மண்வெட்டியோட வந்து வரம்புல இரிக்கார். ஒண்டும் பேசுறாரில்ல. எனக்குப் பயமா இரிக்கி. சுறுக்கா வாங்க மாமா."

அவர் சைக்கிளில் போனார். வெள்ளைச் சாறன், வெள்ளைச் சட்டை, தொப்பி.

அழகரெத்தினம் தன் வயல் வரம்பில் குந்தியிருந்தார். மண்வெட்டி பக்கத்தில் படுத்துக் கிடந்தது. வக்கடையை அவர் தொடவில்லை. ஒருவன் வக்கடையில் மற்றவன் கை வைப்பதில்லை. அந்த வட்டையில் அதற்கு வெட்டுக் கொத்து நடந்திருக்கிறது. கட்டுவதானால் விதானையின் கைதான் கட்ட வேண்டும். பெண்பிள்ளை தனியாக நிற்கிற வரம்பில் வேற்று ஆள், அதிலும் தமிழ் ஆளான தான், போய் மண்வெட்டி பிடித்தால் பின்னேரத்துக்குள் அது என்ன கதையாகும் என்றும் அவருக்குத் தெரியும். ஆகவே தன் பயிருக்குள் ஊதாத் தண்ணீர் அடியடியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, தொழுகை முடியும்வரை இருந்திருக்கிறார்.

கச்சிமுகம்மதுவைக் கண்டதும் எழும்பி நின்றார்.

வக்கடைக்கு அந்தப் பக்கம் நஸீறா. "காக்கா, இன்னும் கொஞ்ச நேரம். பாருங்க, தண்ணி வெளுத்து வருது. அல்லாவுக்காக. வடிஞ்சிரும் காக்கா."

உண்மையில் வெளுத்துத்தான் வந்தது. அவர் பார்த்தார். இன்னும் ஒரு மணித்தியாலம் விட்டால் இந்தப் பயிர் பிழைக்கும் என்று அவருடைய கண்ணுக்கே தெரிந்தது. கீழே அழகரெத்தினத்தின் பச்சைக்குள் இருண்டு போய்க்கொண்டிருந்ததும் தெரிந்தது.

அவர் உடுத்த உடுப்போடு வயலுக்குள் இறங்கினார்.

"வேணாம் காக்கா."

மண் வெட்டிப் போட்டார். தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போனது. மறுபடியும் போட்டார். நிற்கவில்லை. கடைசியில் வக்கடை வாயில் தானே குந்தி, முதுகைக் கொடுத்துத் தண்ணீரை மறித்துக்கொண்டு, இரண்டு கையாலும் களியை அள்ளி அள்ளி முன்னால் அப்பினார். நஸீறா குனிந்து அப்பியதைப் பிய்த்தாள். அவர் அப்பினார். அவள் பிய்த்தாள். அந்தச் சின்ன வாய்க்குள் நாலு கையும் ஒன்றோடொன்று முட்டின. சின்ன வயதில் உம்மாவின் சோற்றுச் சட்டிக்குள் முட்டிய கைகள். ஒரு கட்டத்தில் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து எடுத்து அப்பால் வைத்தார். நோகவில்லை. மெதுவாகத்தான் வைத்தார். அதற்குப் பிறகு அவள் கையை நீட்டவில்லை.

கட்டி முடித்து, குதிக்காலால் மிதித்தார். பிறகு மேலே போய் அவளுடைய வாய்க்கால் வாயையும் அடைத்தார். கூட்டத்தில் சொன்னது அதுதான். வேறு வயற்காரர் ஜும்ஆ முடிந்து வந்து வரம்புகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்துல் ஸமட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

"சரி விதானையார்" என்றார் அழகரெத்தினம். "இவ்வளவோட போகட்டும்." அவர் குரலில் வென்ற மனிசனின் சத்தம் இல்லை.

கச்சிமுகம்மதுவின் வெள்ளைச் சட்டை மார்பு வரை ஊதாவாக இருந்தது. றம்லா எத்தனையோ தரம் அவித்தாள். போகவில்லை. நல்ல சாயம்.

தண்ணீர் இல்லாத வயல் கச்சான் காற்றுக்கு ஒரு கிழமை தாங்கவில்லை. வெடித்தது. வெடிப்பு ஓரங்களில் வெள்ளைப் பொருக்கு. பயிர் நின்ற நிலையில் வைக்கோலானது. மாட்டுக்காவது ஆகட்டும் என்று யாரோ ஒருவன் மாட்டை அவிழ்த்து விட்டான். மாடு மணந்து பார்த்துவிட்டு ரோட்டுக்கு வந்தது.

ஆவணியில் அறுப்பு. வெட்டுக்காரர், ட்ரக்டர்ச் சூடடிப்பு, தூசி, கருவாடு சுடுகிற மணம். நாவலடி வட்டை முழுவதும் சத்தம். நடுவில் ஒரு இடம் மட்டும் சுடலை மாதிரி. கச்சிமுகம்மது ஒரு மூடை நெல்லை றம்லாவிடம் கொடுத்துத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார். றம்லா முதல் தரமாக ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோனாள். மூடை வாய்க்கட்டு அவிழாமல் அவள் கூடவே திரும்பி வந்தது.

"கதவு திறந்தாளா?"

"திறந்தாள். இரிக்கச் சொன்னாள். தேத்தண்ணி தந்தாள். நெல்லு வேணாமாம்."

அறுத்த வயல்களில் ஏழைப் பெண்கள் சிந்திய கதிர் பொறுக்குவது வழக்கம். அந்த வருசம் அவர்களோடு இன்னும் இரண்டு முக்காடு குனிந்து நிமிர்ந்ததைக் கச்சிமுகம்மது தூரத்திலிருந்து கண்டார். சொந்த வயல் உள்ளவள் கதிர் பொறுக்கி அந்த வட்டையில் யாரும் கண்டதில்லை. அவர் அந்தப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தார்.

விதானை நெல் கொடுக்கிற நாள் வந்தது. கச்சிமுகம்மதுவின் சூடடிக்கிற களவெட்டியில் படங்கு விரித்திருந்தது. ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொட்டினார்கள். குவியல் உயர்ந்தது. அழகரெத்தினம் வந்தார். அவர் வயலில் ஒரு துண்டு சாவியாக, வெறும் பதராகப் போயிருந்தது. ஆனாலும் முழுதாகத்தான் கொட்டினார்.

"மகளுக்கு?" என்று கேட்டார் கச்சிமுகம்மது.

"பொம்புளப் புள்ள. சுகமா இருக்காள்."

அவர் போகத் திரும்பியபோது வண்டிப் பாதையால் நஸீறா வந்தாள். தலையில் கடகம். பின்னால் பஸ்னா, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. களவெட்டியில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். அவள் படங்கு ஓரத்தில் கடகத்தை இறக்கினாள். நகக்கண்ணில் இன்னும் ஊதா இருந்தது.

"விதானையார்."

அவர் முதலில் தன்னை அல்ல என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"என்னகா இது?"

"விதானை நெல்லு. என்ட வயலுக்கு."

"உன்ட வயல்ல என்ன புள்ள விளைஞ்ச?"

"விளைஞ்சாலும் விளையாட்டியும் குடுக்கணும். அதுதானே வட்டைட கட்டுப்பாடு. என்ட வயலுக்கும் நீங்க தண்ணி பார்த்த."

"நான் உன்னட்ட ஒரு நாளும் வாங்கினதில்லியே."

"அப்ப நீங்க என்ட காக்கா."

அழகரெத்தினம் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். ட்ரக்டர்க்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றான். கச்சிமுகம்மது கடகத்தைப் பார்த்தபடி நின்றார். வேண்டாம் என்றால் எந்த வாயால் சொல்வது, விதானையாகவா, காக்காவாகவா?

"கொட்டித் தாங்க" என்றாள் நஸீறா. "கடகம் இரவல். அசர்த் தொழுகைக்கு முதல் திருப்பிக் குடுக்கணும்."

அவர் குனிந்து இரண்டு கையாலும் கடகத்தைத் தூக்கினார். பாரமில்லை. குவியலின் மேல் கவிழ்த்தார். நெல் சரிந்து இறங்கியது. சிவப்பும் வெள்ளையும், பெரிதும் சின்னனும், வட்டையில் உள்ள எல்லாருடைய வயல் நெல்லும் அதில் கலந்து கிடந்தது. அவளுடைய வயல் நெல் மட்டும் இல்லை.

நஸீறா கடகத்தை வாங்கி, கவிழ்த்துப் பிடித்து, அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததும் விழும்படி உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.